எதை விடாமல் பிடித்திருந்தார்கள்?

கேள்வி இதுதான்: அரசியலிலும் பொது வாழ்விலும் சில முயற்சிகள் ஐம்பது, நூறு ஆண்டுகள்கூட ஓடுகின்றன. சில மூன்றாம் ஆண்டிலேயே முகவரி இல்லாமல் போகின்றன. வேறுபாடு எங்கே இருக்கிறது? அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது உண்மைதானா?

பாதி உண்மை என்பேன். அந்தப் பழமொழி இரண்டாவது அடி விழும் என்று எடுத்துக்கொள்கிறது. அதை யார் அடிப்பார், என்றைக்கு அடிப்பார் என்று அது சொல்வதில்லை. நீண்ட காலம் நின்ற முயற்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றை நிற்க வைத்தது பெரும்பாலும் இந்தச் சாதாரண விவரம்தான். ஆவேசம் எல்லோரிடமும் இருந்தது, தோற்றவர்களிடமும் இருந்தது. அடுத்த தேதி சிலரிடம்தான் இருந்தது.

இருப்பதிலேயே விசித்திரமான உதாரணத்தில் தொடங்குகிறேன். 1789இல் ஜேம்ஸ் மேடிசன் முன்னெடுத்து, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 12 அரசியல் சாசனத் திருத்தங்களை மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பியது. பத்து நிறைவேறின. நிறைவேறாத இரண்டில் ஒன்று, காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தல் முடியும்வரை அந்த மாற்றம் நடைமுறைக்கு வரக்கூடாது என்பது. போதிய மாநிலங்கள் ஏற்கவில்லை. காகிதம் அலமாரிக்குப் போனது. 1873இல் உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே சம்பளத்தை ஏற்றிக்கொண்ட கோபத்தில் ஒஹையோ மாநிலம் அதைத் தோண்டி எடுத்து ஒப்புதல் அளித்தது. நூறாண்டு கழித்து, 1978இல் வயோமிங் அதையே செய்தது. இடையில் இயக்கமும் இல்லை, தலைவரும் இல்லை, ஒரு துண்டறிக்கைகூட இல்லை.

1982இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்த 19 வயது மாணவர் கிரகரி வாட்சன் வகுப்புக் கட்டுரைக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது இது கண்ணில் பட்டது. ஒப்புதலுக்குக் காலக்கெடு எதுவும் விதிக்கப்படாததால் இந்தத் திருத்தம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று கட்டுரையில் வாதிட்டார். கட்டுரைக்கு ‘சி’ மதிப்பெண் கிடைத்தது. மேல்முறையீடு செய்தும் ‘சி’தான். அவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். 1983இல் மெய்ன், 1984இல் கொலராடோ, பிறகு கொத்துக் கொத்தாக மாநிலங்கள். 1992 மே மாதம் தேவையான எண்ணிக்கை கிடைத்து அது 27ஆவது திருத்தமாயிற்று. அனுப்பப்பட்டு 202 ஆண்டுகளுக்கு மேல். 2017இல் பல்கலைக்கழகம் அந்தக் கட்டுரையின் மதிப்பெண்ணை ‘ஏ’ ஆகத் திருத்தியது. அதற்கு 35 ஆண்டுகள்.

இந்தக் கதையைத் தனிமனித உறுதியின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். வாட்சனின் உறுதியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பத்து ஆண்டு உழைத்த மாணவரை விட, 200 ஆண்டுகள் பூட்டப்படாமல் கிடந்த கதவுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவர் முதலில் எழுத நினைத்தது ஆண் பெண் சம உரிமைத் திருத்தத்தைப் பற்றி. அதன் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1923இல் முதன்முதலாகக் காங்கிரஸில் வைக்கப்பட்டது. பெண்ணுரிமைப் போராளி ஆலிஸ் பாலும் அவருடைய கட்சியினரும் அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1972இல் நிறைவேறியபோது ஏழு ஆண்டுக் காலக்கெடுவும் சேர்ந்தே வந்தது. 1982 வரை நீட்டித்தும் 35 மாநிலங்கள்தான் ஏற்றன. தேவை 38. பின்னர் 2017இல் நெவாடா, 2018இல் இல்லினாய், 2020இல் வர்ஜீனியா என்று மூன்று மாநிலங்கள் சேர்ந்தன. எண்ணிக்கை வந்துவிட்டது, காலம் போய்விட்டது. திருத்தம் சாசனத்தில் சேர்க்கப்படவில்லை. பின்னதற்காக உழைத்தவர்களின் எண்ணிக்கைக்கும் ஆண்டுகளுக்கும் முன்னால் வாட்சனின் கடிதங்கள் ஒரு துளி. ஒன்றுக்குக் கடிகாரம் இல்லை, மற்றதற்கு இருந்தது.

ஆகவே விடாமுயற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விதிமுறைப் புத்தகத்தை. எந்தக் கட்டத்தில் கோரிக்கை தானாகவே காலாவதியாகும்? எந்த இடத்தில் வைத்தால் ஆகாது? இந்தியாவின் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா இதற்கு நல்ல பாடம். 1996 செப்டம்பரில் மக்களவையில் முதலில் அறிமுகமானது. அவை கலைந்தது, மசோதா காலாவதி. 1998இல் மறுபடி, மறுபடியும் காலாவதி. 1999இல் இன்னொரு முறை, அதே முடிவு. 2008இல்தான் மாநிலங்களவையில் கொண்டுவந்தார்கள். அந்த அவை கலைவதில்லை. அங்கே நிலுவையில் இருக்கும் மசோதா, மக்களவை கலைந்தாலும் சாகாது. 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. ஆனால் நிறைவேறி மக்களவைக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட மசோதாவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வாக்கெடுப்பே இல்லாமல் கிடந்து, 2014இல் மக்களவையோடு சேர்ந்து அதுவும் போனது. 2023 செப்டம்பரில் புதிய மசோதா மக்களவையில் 454க்கு 2, மாநிலங்களவையில் 214க்கு 0 என்று நிறைவேறியது. 27 ஆண்டுகளாகக் கூச்சலும் காகிதக் கிழிப்புமாக நடந்த சண்டை, கடைசியில் கிட்டத்தட்ட எதிர்ப்பே இல்லாமல் முடிந்தது. அப்போதும் சட்டத்தின் வாசகமே நடைமுறையை அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் அதன் பிறகான தொகுதி மறுவரையறைக்கும் முடிச்சுப் போட்டு வைத்தது. ஒரு கடிகாரம் நின்றதும் இன்னொன்று ஓடத் தொடங்கியது.

இப்போது மனிதர்களுக்கு வருகிறேன். நீண்ட முயற்சி என்றதும் எல்லோரும் காட்டுவது பிரிட்டனின் அடிமை வணிக ஒழிப்பு இயக்கம். சரியாகவே காட்டுகிறார்கள். ஆனால் வில்பர்ஃபோர்ஸின் நாடாளுமன்றப் பேச்சுகளை மட்டும் பார்த்தால் அது எப்படித் தாங்கியது என்பது விளங்காது. 1787 மே 22 அன்று லண்டனில் ஓர் அச்சகத்தில் 12 பேர் கூடினார்கள். அவர்களில் ஒன்பது பேர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். வணிகத்தில் கணக்கு எழுதிப் பழகியவர்கள் அவர்களில் பலர். முதல் நாளிலிருந்தே கூட்டக் குறிப்பு எழுதினார்கள், பொருளாளரை நியமித்தார்கள், சந்தா வாங்கினார்கள். அந்த 12 பேரில் ஒருவரான தாமஸ் கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாகக் குதிரையில் அலைந்து மாலுமிகளிடம் வாக்குமூலம் சேகரித்தார். கைவிலங்கு, கட்டை விரலை நெரிக்கும் திருகு என்று கடைகளில் கிடைத்ததையெல்லாம் விலைக்கு வாங்கிச் சான்றாக வைத்தார். அடுத்த முறை கேட்கும்போது முன்னதை விட ஒரு தாள் கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார்.

1791இல் மசோதா 163க்கு 88 என்று தோற்றது. 1792இல் 519 மனுக்கள் வந்து குவிந்தன. சபை இறங்கி வந்தது, ஆனால் ‘படிப்படியாக’ என்ற ஒரு சொல்லைச் செருகி இறங்கி வந்தது. ஒரு கோரிக்கையைக் கொல்ல அதை மறுக்க வேண்டியதில்லை, அந்தச் சொல் போதும். 1796இல் மறுபடி வாக்கெடுப்பு. 74க்கு 70. நான்கே வாக்குகளில் தோல்வி. ஆதரவாளர்களில் சிலர் அன்று மாலை புதிய இசை நாடகம் பார்க்கப் போயிருந்தார்கள். வெற்றிக்குத் தேவையான ஆட்கள் நாடகக் கொட்டகையில் இருந்தார்கள் என்று வில்பர்ஃபோர்ஸ் நாட்குறிப்பில் குமுறினார். ஒன்பது ஆண்டு உழைப்பு ஒரு மாலைப் பொழுதின் வருகைப் பட்டியலில் சறுக்கிய இந்த இடத்தைத் தாண்டி என்னால் வேகமாகப் போக முடிவதில்லை. அந்த நான்கு வாக்குகளுக்குப் பிறகு இன்னும் 11 ஆண்டுகள் கப்பல்கள் ஓடின. ‘கொள்கையில் உங்களோடுதான் இருக்கிறோம்’ என்று சொல்லும் ஆதரவாளர் எந்த இயக்கத்துக்கும் பெரிய சுமை. அவரை எதிரிப் பட்டியலிலும் சேர்க்க முடியாது, எண்ணிக்கையிலும் நம்ப முடியாது.

அதற்குப் பிறகு வந்தது வறட்சி. பிரான்ஸோடு போர். சீர்திருத்தம் என்றாலே தேசத் துரோகம் என்ற காற்று. கிளார்க்சன் உடல் உடைந்து 1794இலேயே ஒதுங்கியிருந்தார். குழு பல ஆண்டுகள் கூடவே இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இயக்கம் செத்துவிட்டது. ஆனால் குறிப்பேடு இருந்தது, ஆட்களின் பட்டியல் இருந்தது, கடிதத் தொடர்பு அறுபடவில்லை. 1804இல் காற்று மாறியபோது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை, விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள்.

வென்ற வழியும் கவனிக்கத்தக்கது. நேர்வாசலில் 20 ஆண்டு முட்டியவர்கள் 1806இல் பக்கவாசலுக்குப் போனார்கள். கடல்வணிகச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஜேம்ஸ் ஸ்டீபன் ஒரு யோசனை சொன்னார்: எதிரி நாடுகளின் காலனிகளுக்குப் பிரிட்டிஷ் கப்பல்கள் அடிமைகளைக் கொண்டுபோய் விற்பதைத் தடுக்கலாம், போர்க்கால நடவடிக்கையாக. மனிதாபிமானம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. வில்பர்ஃபோர்ஸ் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பேச்சுக்குப் பேர்போனவர் செய்த மிகப் பெரிய உதவி அந்த மௌனம். மசோதா சத்தமில்லாமல் நிறைவேறியது, வணிகத்தின் பெரும்பகுதி அடிபட்டது. மறு ஆண்டு முழுத் தடை 283க்கு 16 என்று நிறைவேறியது. விடாப்பிடி என்றால் ஒரே சுவரில் ஒரே இடத்தில் முட்டுவது என்று நினைப்பவர்கள் இந்த 1806ஐ மறந்துவிடுகிறார்கள்.

வணிகம் போனாலும் அடிமை முறை போகவில்லை. அதற்கு 1833 வரை ஆயிற்று. மசோதா தப்பிப் பிழைக்கும் என்று உறுதியான மூன்றாம் நாள் வில்பர்ஃபோர்ஸ் இறந்தார். இழப்பீடாக 2 கோடி பவுண்டு கொடுத்தார்கள், அடிமைகளுக்கல்ல, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு. எதிர்த்தரப்பும் அரை நூற்றாண்டு விடாப்பிடியாகத்தான் நின்றது என்பதற்கு அந்தத் தொகையே சாட்சி. நீடித்து நிற்பது நியாயத்தின் பக்கம் மட்டும் இருக்கும் குணம் என்று யாரும் ஏமாற வேண்டாம்.

மேலே சொன்ன வறட்சிக் காலம் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பெரும்பாலான முயற்சிகள் தோல்வியில் சாவதில்லை, சும்மா இருக்கும் காலத்தில் சாகின்றன. அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை இயக்கத்துக்கும் இது வந்தது. 1896இல் யூட்டா, ஐடஹோ மாநிலங்களுக்குப் பிறகு 1910 வரை ஒரு மாநிலம்கூடப் புதிதாக வாக்குரிமை தரவில்லை. 14 ஆண்டுகள். 1848இல் தொடங்கியவர்களில் எலிசபெத் கேடி ஸ்டான்டன் 1902இலும், அவரோடு அரை நூற்றாண்டு உழைத்த சூசன் ஆண்டனி 1906இலும் இறந்தார்கள். ஆனால் 1878இல் காங்கிரஸில் வைக்கப்பட்ட திருத்தத்தின் வாசகம் இருந்தது. அதையே, சொல் மாறாமல், மறுபடி மறுபடி வைத்தார்கள். 1919இல் நிறைவேறி 1920இல் ஒப்புதல் பெற்றது அதே வாசகம்தான்.

இயக்கத்தை வெற்றிக்குக் கொண்டுவந்த கேரி சாப்மன் கேட் பின்னர் ஒரு கணக்குப் போட்டார். ஆண் வாக்காளர்களிடம் பொதுவாக்கெடுப்புக்காக 56 பிரச்சாரங்கள். அந்த வாக்கெடுப்புகளை நடத்தச் சொல்லிச் சட்டமன்றங்களிடம் 480. மாநில அரசியல் சாசன மாநாடுகளிடம் 47. மாநிலக் கட்சி மாநாடுகளிடம் 277. தேசியக் கட்சி மாநாடுகளிடம் 30. அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட 19 காங்கிரஸ்களிடம் 19. இந்தக் கணக்கில் என்னை நிறுத்துவது 480 என்ற எண். வாக்குரிமை கேட்டு நடந்த பிரச்சாரங்கள் அல்ல அவை. வாக்குரிமை பற்றி வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று கேட்பதற்காக நடந்தவை. பொது வாழ்வின் உழைப்பில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது, கேள்வியைக் கேட்க அனுமதி கேட்பதில்.

சமூகவியலாளர் வெர்ட்டா டெய்லர் 1989இல் இந்த உறங்குகாலத்தைப் பற்றி எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது 1945க்கும் 1960களுக்கும் இடைப்பட்ட அமெரிக்கப் பெண்கள் இயக்கம். அந்த ஆண்டுகளில் வயதான, வசதியான, எண்ணிக்கையில் சுருங்கிப்போன ஒரு சிறு கூட்டம்தான் மிச்சமிருந்தது. ஆலிஸ் பாலின் கட்சி முன்னே சொன்ன சம உரிமைத் திருத்தத்தைக் காங்கிரஸில் வைத்துக்கொண்டே இருந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. புதியவர்களை ஈர்க்கவும் அவர்களால் முடியவில்லை. ஆனால் 1960களின் அலை எழுந்தபோது அதற்குத் தயாரான ஒரு கோரிக்கையையும், எந்த உறுப்பினர் எப்படி வாக்களிப்பார் என்ற அறிவையும் கொடுத்தவர்கள் அவர்கள்தான். விதை உறக்கம் என்பார்களே, அதுபோல. உறங்கும் விதைக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு கடினம் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு சிறு பொதுக் கோரிக்கைக் குழுவில் ஒன்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். ஐந்தாம் ஆண்டில் எங்கள் மனுக்களின் நகல்கள் முழுவதும், ஓர் உறுப்பினர் வீடு மாறியபோது, பழைய பேப்பர்களோடு எடைக்குப் போய்விட்டன. அடுத்த முறை போனபோது அலுவலகத்தில் புது அதிகாரி. ‘இதற்கு முன் கேட்டிருக்கிறீர்களா?’ என்றார். ஐந்து ஆண்டுகளாகக் கேட்கிறோம் என்று சொல்ல முடிந்தது, காட்ட முடியவில்லை. அவர் பார்வையில் நாங்கள் அன்றைக்குத்தான் பிறந்தோம். ஊர்வலம் போனவர்கள் பலர் எங்களிடம் இருந்தார்கள். கோப்பைப் பாதுகாக்க ஆள் இல்லை.

கோரிக்கையின் அளவும் ஒரு விஷயம். ராஜஸ்தானில் 1990இல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் கிராமத்துத் தொழிலாளர்களும் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் முதலில் போராடியது வறட்சி நிவாரண வேலைக்குச் சட்டப்படியான கூலிக்காக. கூலி கேட்டால், ‘நீ வேலையே செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது’ என்றார்கள். சரி, பதிவேட்டைக் காட்டு என்றார்கள் இவர்கள். காட்ட முடியாது, அது அரசு ரகசியம். அங்கேதான் போராட்டம் திரும்பியது. நீதி வேண்டும், ஊழல் ஒழிய வேண்டும் என்று கேட்டிருந்தால் அமைச்சரும் சேர்ந்து கைதட்டியிருப்பார். வருகைப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்றால் கொடுக்க வேண்டும், இல்லை மறுக்க வேண்டும். நழுவ இடமில்லை. 1994இலிருந்து கிராமங்களில் பொது விசாரணைக் கூட்டங்கள் நடத்தி, கிடைத்த பதிவேடுகளை ஊர் முன்னால் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயர்கள் கூலி வாங்கியவர்களாக அதில் இருந்தன. 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா. 1997இல் தமிழ்நாடும் 2000இல் ராஜஸ்தானும் தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றின. 2002இல் மத்தியச் சட்டம் ஒன்று நிறைவேறியது, ஆனால் நடைமுறைக்கு வரும் தேதி அறிவிக்கப்படாமலே கிடந்தது. சட்டம் இருக்கிறது, அமலில் இல்லை என்ற இந்த நிலையில் சோர்ந்து போகாத இயக்கங்கள் அபூர்வம். 2005 அக்டோபர் 12 அன்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அமைப்பு சாகலாம், கோரிக்கை சாகாமலும் இருக்கலாம். வாக்குரிமைக்காகப் போராடிய பிரிட்டனின் சார்ட்டிஸ்டுகள் 1838இல் ஆறு கோரிக்கைகள் வைத்தார்கள். 1839, 1842, 1848 என்று மூன்று மாபெரும் மனுக்கள் கொடுத்தார்கள். கடைசி மனுவில் 57 லட்சம் கையெழுத்து என்று அறிவித்தார்கள். நாடாளுமன்ற எழுத்தர்கள் எண்ணி 20 லட்சத்துக்கும் குறைவு என்றார்கள், அதிலும் விக்டோரியா மகாராணியின் பெயரும் இருந்தது. நாடே சிரித்தது. பத்தாண்டுகள் கட்டிய நம்பகத்தன்மை ஒரே வாரத்தில் போனது, இயக்கம் அதிலிருந்து எழவே இல்லை. ஆனால் நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சொத்துத் தகுதி வேண்டாம் என்பது 1858இல் நிறைவேறியது. ரகசிய வாக்கெடுப்பு 1872, உறுப்பினர் சம்பளம் 1911, எல்லா ஆண்களுக்கும் வாக்கு 1918. தொகுதிகளைச் சமமாகப் பிரிப்பதும் வந்தது. ஆறில் நிறைவேறாதது ஆண்டுக்கொரு நாடாளுமன்றத் தேர்தல் மட்டும்தான். அது நிறைவேறாததற்கு நான் நன்றி சொல்கிறேன்.

நீடிப்பதே பெருமை என்ற எண்ணம் ஆபத்தானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மதுவிலக்கு இயக்கத்தின் மையமான சலூன் (மதுக்கடை) எதிர்ப்புச் சங்கம் 1893இல் தொடங்கியது. ஒரே பிரச்சினை, ஒரே அளவுகோல், எந்தக் கட்சியானாலும் சரி என்ற அதன் முறை அபாரமானது. இங்கே நான் புகழ்ந்த எல்லாம் அதனிடம் இருந்தன. 1920இல் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது, 1933 டிசம்பரில் இன்னொரு திருத்தத்தால் அது நீக்கப்பட்டது. கோரிக்கை நடைமுறையில் என்ன செய்யும் என்ற கேள்விக்கு அந்தப் பொறியில் இடமே இருக்கவில்லை.

வேலை முடிந்த பிறகும் கலையாத அமைப்புகள் இன்னொரு வகை. இதில் எனக்கு இரண்டு மனம் உண்டு. பிரிட்டனில், தானிய இறக்குமதிக்கு வரி விதித்த சட்டத்தை எதிர்த்த தானியச் சட்ட எதிர்ப்புச் சங்கம் 1846இல் சட்டம் ரத்தானதும் கடையைக் கட்டியது. 1852இல் சட்டம் திரும்பி வருமோ என்ற பயம் எழுந்தபோது மறுபடி கூடியது. அழகான நடத்தை. மறுபுறம், போலியோவுக்காக 1938இல் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் தொடங்கிய அறக்கட்டளை 1955இல் தடுப்பூசி வந்ததும் கலையவில்லை, 1958இல் பிறவிக் குறைபாடுகளின் பக்கம் திரும்பியது. கட்டிய வலைப்பின்னலை வீணாக்குவானேன் என்ற நியாயம் அதில் இருக்கிறது. நோக்கத்துக்காக அமைப்பா, அமைப்புக்காக நோக்கமா என்ற கேள்வியும் இருக்கிறது.

முடிவுக்கு அருகில் வேலை கூடுமே தவிரக் குறையாது என்பதற்கு, உடலுக்குள் வளரும் ஒரு புழுவால் வரும் நரம்புச் சிலந்தி நோய் சாட்சி. 1986இல் 21 நாடுகளில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது. 1995க்குள் ஒழிப்பதாக இலக்கு வைத்தார்கள். 2023இல் உலகம் முழுவதும் மனிதர்களில் 14 பேர். ஆனால் சாட் நாட்டில் நாய்களிடமும் அதே புழு தென்பட்டது. இலக்குத் தேதி எத்தனையோ முறை தவறியும் கிராமம் கிராமமாகக் கண்காணிப்பவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

கடைசியாக அர்ஜென்டினா. 1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் பியூனஸ் அயர்ஸின் மே சதுக்கத்துக்கு வந்தார்கள். ராணுவ ஆட்சி கடத்திச் சென்ற தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்பதற்காக. கூட்டமாக நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்றது போலீஸ். அவர்கள் நடந்தார்கள், சதுக்கத்தின் நடுவிலிருக்கும் நினைவுத் தூணைச் சுற்றி. வியாழக்கிழமை என்று நாள் முடிவானது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே தொடங்கியவர்களில் மூவர் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள், அசுசெனா வில்லாஃப்ளோர் உட்பட. அடுத்த வியாழனும் வந்தது. யார் தலைவர், என்ன உத்தி என்பதில் பின்னாளில் அவர்கள் சண்டையிட்டு 1986இல் இரண்டு அமைப்புகளாகப் பிரிந்தார்கள். இரண்டும் வியாழனை விடவில்லை.

அவர்களில் பாட்டிகள் தனி அமைப்பாகச் சேர்ந்தார்கள். சிறையில் பிறந்து வேறு குடும்பங்களிடம் கொடுக்கப்பட்ட பேரக்குழந்தைகளைத் தேடியவர்கள் அவர்கள். பெற்றோர் இல்லாமல் பேரப்பிள்ளையை எப்படி நிரூபிப்பது? அவர்களே விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்டார்கள். மரபியலாளர் மேரி கிளேர் கிங் உள்ளிட்டோர் பாட்டியின் ரத்தத்திலிருந்து உறவைக் கண்டறியும் முறையை 1984 வாக்கில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1987இல் சட்டம் இயற்றி, தேசிய மரபணுத் தரவு வங்கியை அரசே அமைத்தது. அன்று ரத்தம் கொடுத்த பாட்டிகளில் பெரும்பாலோர் இப்போது உயிரோடு இல்லை. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். இனிமேல் வருகிறவர்கள் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருப்பார்கள். தன் பிறப்பில் ஐயம் கொண்டு அவர்களில் ஒருவர் போய்க் கையை நீட்டினால், ஒப்பிட்டுப் பார்க்க அங்கே அவருடைய பாட்டியின் ரத்த மாதிரி இருக்கும்.